டெல்லிக்குத்தான் போகணுமா? அரசு ஊழியர் வழக்குகளின் பாதையை மாற்றிய மண்டகொளத்தூர் பதஞ்சலி சாஸ்திரி

திருவண்ணாமலையில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியர் ஒருவரை டெல்லியில் இருக்கும் மேலதிகாரி டிஸ்மிஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அந்த ஊழியர் சென்னைக்கு பஸ் ஏறினால் போதும். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்குப் போடலாம். அங்கே தோற்றால் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

1953 முதல் 1963 வரை நிலைமை வேறு. டெல்லி போட்ட ஆர்டரை எதிர்த்து ரிட் மனு போடணும்னா, டெல்லியைத் தன் எல்லைக்குள் வைத்திருந்த பஞ்சாப் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகணும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அந்த மனுவை விசாரிக்கும் அதிகாரமே கிடையாது.

இந்த எல்லைக்கோட்டைப் போட்ட தீர்ப்பை எழுதியவர் டெல்லிக்காரர் இல்லை. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர்ப் பக்கம் இருக்கும் மண்டகொளத்தூரைத் தன் பெயரின் முன்னெழுத்தாகச் சுமந்தவர். இந்தியாவின் இரண்டாவது தலைமை நீதிபதி, எம். பதஞ்சலி சாஸ்திரி.

யார் இந்த பதஞ்சலி சாஸ்திரி?

1889 ஜனவரி 4-ல் பிறந்தவர். அப்பா கிருஷ்ண சாஸ்திரி, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சம்ஸ்கிருதப் பண்டிதர். அந்தக் காலத்தில் மண்டகொளத்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல், அதாவது சாஸ்திரி பிறந்து சரியாக 100 வருஷம் கழித்து.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., பிறகு சட்டம். 1912-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். பேர் வாங்கியது வருமான வரி வழக்குகளில். கடல் கடந்து லேவாதேவி நடத்திய செட்டியார்கள் பலர் அவரிடம் வந்தார்கள். 1922-ல் வருமான வரி ஆணையருக்கான நிலை வழக்கறிஞர் ஆனார்; 17 வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1939 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி. 1947 டிசம்பரில் டெல்லியில் ஃபெடரல் கோர்ட் நீதிபதி.

இதில் வரி அனுபவம் முக்கியம். வரி வழக்கில் பரிதாபத்துக்கு இடம் இல்லை. சட்டத்தில் இருக்கும் சொல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. வரி கட்டணும்னு எழுதியிருந்தால் கட்டணும். எழுதாமல் விட்டிருந்தால் அரசால் ஒரு பைசா கேட்க முடியாது. பின்னாளில் அரசியலமைப்பையும் அவர் பெரும்பாலும் இப்படித்தான் படித்தார். அவர் தீர்ப்புகளின் பலமும் அதுதான், அவற்றால் வந்த சிக்கலும் அதுதான்.

அதற்கு முன் அரசு ஊழியரின் நிலை என்ன?

பிரிட்டிஷ் ஆட்சியில் அரசு வேலை என்பது மன்னரின் விருப்பம் இருக்கும் வரைதான். விதிகள் இருந்தன, ஆனால் அவற்றை மீறி ஒருவரை வெளியே அனுப்பினால் கோர்ட் கேட்க முடியாது.

இதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. அரசு அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும் வேலையில் இருந்த வெங்கட ராவ் என்பவர், தேர்வுத்தாள் கசிந்த விவகாரத்தில் சந்தேகத்தின் பேரில் நீக்கப்பட்டார். விதிப்படி நடக்க வேண்டிய விசாரணை முறையாக நடக்கவில்லை. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. விதிகளைப் பின்பற்ற வேண்டியது அரசின் கடமைதான், ஆனால் அதை மீறியதற்காக ஊழியர் கோர்ட்டுக்கு வர முடியாது என்று 1936 டிசம்பரில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது.

1950-ல் அரசியலமைப்பு வந்ததும் நிலைமை மாறியது. ஊழியருக்குக் காரணம் சொல்ல வாய்ப்பு தராமல் டிஸ்மிஸ் செய்யக் கூடாது என்று பிரிவு 311 சொன்னது. அரசின் ஆர்டரை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட பிரிவு 226 வந்தது. அதற்கு முன்பு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய 3 உயர் நீதிமன்றங்களுக்கு மட்டும்தான் இந்த ரிட் அதிகாரம் இருந்தது.

புது உரிமைகள் காகிதத்தில் இருந்தன. அவை எவ்வளவு தூரம் செல்லும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தவர்கள் உச்ச நீதிமன்றத்தின் முதல் 6 நீதிபதிகள். அவர்களில் ஒருவர் சாஸ்திரி.

ஒரே நாள், இரண்டு முகம்

1950 மே 26. அன்று வெளியான தீர்ப்புகளில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாஸ்திரி யார் என்று புரியும்.

முதலாவது, ரொமேஷ் தாப்பர் வழக்கு. கிராஸ்ரோட்ஸ் என்ற ஆங்கில வார இதழ் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு தடை போட்டிருந்தது. அந்தத் தடை செல்லாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சாஸ்திரி. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பு அனுமதித்த காரணங்களில் பொது ஒழுங்கு என்ற சொல் அப்போது இல்லை. இல்லாத சொல்லை அரசு பயன்படுத்த முடியாது. அவ்வளவுதான்.

இரண்டாவது, பாரத் பேங்க் வழக்கு. 1949-ல் டெல்லியில் வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களை அந்த வங்கி நீக்கியது. மத்திய அரசு அமைத்த தொழில் தீர்ப்பாயம் ஊழியர்களுக்குச் சாதகமாக உத்தரவு போட்டது. வங்கி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கேள்வி இதுதான்: கோர்ட் அல்லாத ஒரு தீர்ப்பாயத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் மறு ஆய்வு செய்யலாமா?

செய்யலாம் என்றார்கள் 3 பேர். முடியாது என்றார்கள் 2 பேர். அந்த இருவர் பி.கே. முகர்ஜியும் பதஞ்சலி சாஸ்திரியும். தொழில் தீர்ப்பாயம் இருக்கிற சட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை; இரு தரப்புக்கும் புதுக் கடமைகளையே உருவாக்குகிறது. அதன் முடிவுக்கு உயிர் வருவதும் அரசு அறிவித்த பிறகுதான். அதனால் அது கோர்ட்டின் வேலை இல்லை, அதன் மீது கோர்ட்டில் அப்பீலும் இல்லை என்பது அவர்கள் வாதம்.

இதுல கவனிக்க ஒரு விஷயம் இருக்கு. அந்த வழக்கில் மறு ஆய்வு கேட்டது ஊழியர் அல்ல, முதலாளி. சாஸ்திரியின் கருத்து ஜெயித்திருந்தால் அன்றைக்கு ஊழியர்களுக்குத்தான் லாபம். கடைசியில் வங்கியின் அப்பீல் எப்படியும் தள்ளுபடி ஆனது. ஆனால் அதிகாரம் உண்டு என்ற 3 பேரின் கருத்து நிலைத்தது. தீர்ப்பாயங்களின் முடிவுகளை உச்ச நீதிமன்றம் பார்க்கும் வழி அன்று திறந்தது. சாஸ்திரி அதற்கு எதிர்ப் பக்கம் நின்றிருந்தார்.

சீனியாரிட்டி விவகாரம் அவருக்கும் வந்தது

1951 ஏப்ரலில் சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணை மீது இரண்டு தீர்ப்புகள் வந்தன. கல்லூரி இடம் பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கு எல்லோருக்கும் தெரியும். அதே நாளில் வந்த இன்னொன்று வேலை பற்றியது. மாவட்ட முன்சீப் பதவிகள் 83-ஐ வகுப்புவாரியாகப் பிரித்த முறையை எதிர்த்து வெங்கடரமணா என்பவர் போட்ட வழக்கு. இரண்டிலும் அரசாணை செல்லாது என்று 7 நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதில் சாஸ்திரியும் ஒருவர். தமிழகத்தில் பெரும் போராட்டம் வெடித்தது.

அந்த ஜூன் மாதமே பார்லிமென்ட் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. கல்வியில் பின்தங்கிய வகுப்பினருக்கு இடஒதுக்கீடு தர வழி செய்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் பொது ஒழுங்கையும் சேர்த்தது. ரொமேஷ் தாப்பர் தீர்ப்பில் சாஸ்திரி இல்லை என்று சுட்டிய அதே சொல்.

அந்தத் திருத்தத்தையே எதிர்த்து சங்கரி பிரசாத் வழக்கு வந்தபோது, தீர்ப்பு எழுதும் பொறுப்பு சாஸ்திரியிடமே வந்தது. தன் தீர்ப்பை மாற்றிய திருத்தம் என்று அவர் கோபப்படவில்லை. பார்லிமென்டுக்கு அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் இருக்கிறது, திருத்தம் செல்லும் என்று 1951 அக்டோபரில் எழுதினார். எழுதியிருப்பதைப் படிப்பது கோர்ட்டின் வேலை. பிடிக்கவில்லை என்றால் திருத்தி எழுதுவது பார்லிமென்டின் வேலை. இந்த எண்ணத்தில் அவர் கடைசி வரை மாறவில்லை.

ஒரு மாதம் கழித்து, 1951 நவம்பர் 6-ல், தலைமை நீதிபதி ஹரிலால் கனியா பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்த சீனியர் சாஸ்திரி. அவரைத் தாண்டி வேறொருவரை நியமிக்கலாமா என்று அரசு வட்டாரத்தில் யோசனை ஓடியதாகவும், அப்படிச் செய்தால் நாங்கள் ராஜினாமா செய்வோம் என்று மற்ற நீதிபதிகள் நின்றதாகவும் சட்ட வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. நவம்பர் 7-ல் சாஸ்திரி தலைமை நீதிபதி ஆனார். சீனியாரிட்டிப்படி நியமனம் என்ற வழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது.

ஆலோசனைக் குழு கோர்ட் ஆகுமா?

1952 மார்ச் 31-ல் வந்த வி.ஜி. ராவ் வழக்குத் தீர்ப்பு சாஸ்திரியின் பெயரை இன்றும் சட்டக் கல்லூரிகளில் வாழவைத்திருக்கிறது. சென்னை வழக்கறிஞர் வி.ஜி. ராவ் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை மாநில அரசு சட்டவிரோதம் என்று அறிவித்திருந்தது. அரசின் அறிவிப்பை ஓர் ஆலோசனைக் குழு பார்க்கும், அது போதும் என்பது அரசின் வாதம். அந்தக் குழு முன் நேரில் வந்து பேச முடியாது. வக்கீலும் வைக்க முடியாது.

சாஸ்திரி இதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட குழுவின் பரிசீலனை நீதி விசாரணைக்கு ஈடாகாது என்று எழுதினார். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, எந்த முறையில் செய்கிறது, பாதிப்பு எவ்வளவு, அதற்குத் தேவை எவ்வளவு என்பதையும் கோர்ட் எடைபோட வேண்டும் என்றார்.

பாரத் பேங்க் வழக்கில் தீர்ப்பாயத்தைத் தொட மறுத்தவரும், இங்கே ஆலோசனைக் குழுவை நம்ப மறுத்தவரும் ஒரே ஆள்தான். அவர் கணக்கில் இது முரண்பாடு இல்லை. ஓர் அமைப்பு கோர்ட் இல்லை என்றால், அதன் முடிவு கோர்ட்டின் அப்பீலுக்குள் வராது. அதே காரணத்தால், அது கோர்ட்டின் இடத்தைப் பிடிக்கவும் முடியாது.

1953: இரண்டு வாரத்தில் இரண்டு பூட்டு

இனி டெல்லி விவகாரம். அது தொடங்கியது அரசு ஊழியரால் அல்ல, ஓர் எம்.எல்.ஏ-வால்.

காக்கிநாடா அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. அங்கிருந்து 1952 ஜூனில் சட்டசபைக்குத் தேர்வானவர் சாகா வெங்கட ராவ். 1942-ல் 7 வருஷ சிறைத் தண்டனை பெற்று, 1947 ஆகஸ்ட் 15 அன்று விடுதலையானவர். விடுதலையாகி 5 வருஷம் முடியாததால் அவருக்குப் பதவி செல்லுமா என்று தேர்தல் ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது. அந்த விசாரணைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஆணையம் அப்பீல் போனது.

1953 பிப்ரவரி 27-ல் தலைமை நீதிபதி சாஸ்திரி தீர்ப்பு சொன்னார். தேர்தலுக்குப் பிறகு வரும் தகுதியிழப்பைத்தான் இந்த முறையில் விசாரிக்க முடியும் என்ற எம்.எல்.ஏ-வின் வாதம் சரி என்றார். ஆனாலும் எம்.எல்.ஏ தோற்றார். காரணம், தேர்தல் ஆணையத்தின் ஆபீஸ் டெல்லியில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதன் எல்லைக்குள்தான் செல்லும், ரிட் யாருக்குப் போகிறதோ அவரும் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று பிரிவு 226 சொல்கிறது. பிரச்சினை சென்னையில் நடந்தது என்பது போதாது.

அப்படின்னா தூரத்தில் இருப்பவர்கள் எல்லாம் டெல்லிக்கு அலையணுமா என்ற கேள்வியும் எழுந்தது. எல்லா உயர் நீதிமன்றமும் டெல்லிக்கு ரிட் அனுப்பினால் ஒன்றுக்கொன்று முரணான உத்தரவுகள் வரும் என்ற அச்சம் அந்தப் பக்கம் இருந்தது. அலைச்சலைக் காரணம் காட்டி, எழுதப்பட்ட சொல்லை இழுத்து நீட்ட அவர் தயாராக இல்லை.

அடுத்த 2 வாரத்தில், மார்ச் 13-ல், இன்னொரு தீர்ப்பு. மத்திய அரசின் மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இயக்ககத்தில் 5 வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்து, பிறகு தற்காலிகமாகத் தொடர்ந்தவர் சதீஷ் சந்திர ஆனந்த். ஒரு மாத நோட்டீஸில் அவர் வேலை முடிந்தது. பிரிவு 311-ன் பாதுகாப்பு கேட்டு அவர் நேராக உச்ச நீதிமன்றம் வந்தார். ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து முடித்தது டிஸ்மிஸ் ஆகாது, அதனால் 311 பொருந்தாது என்று மனு தள்ளுபடியானது. எழுதியவர் விவியன் போஸ். அமர்வின் தலைவர் சாஸ்திரி.

ஒப்பந்த ஊழியருக்கு 311 இல்லை. டெல்லி ஆர்டரை எதிர்க்க உள்ளூர் உயர் நீதிமன்றம் இல்லை. சிவில் கோர்ட்டில் வழக்குப் போடும் வழி இருந்தது. அரசுக்கு 2 மாத நோட்டீஸ் கொடுத்து, வருஷக்கணக்கில் காத்திருக்கும் வழி. ரிட் மாதிரி வேகமான வழி இல்லை. 1953-ல் பஞ்சாப் உயர் நீதிமன்றத்தின் தலைமையிடம் சிம்லா. டெல்லியில் ஒரு சுற்று அமர்வு மட்டும் இருந்தது.

பூட்டைத் திறந்தது யார்?

1954 ஜனவரி 3-ல், 65 வயது நிறையும்போது சாஸ்திரி ஓய்வு பெற்றார். பிறகு திருப்பதி கேந்திரிய சம்ஸ்கிருத வித்யாபீடத்தை நடத்திய சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1958 முதல் 1962 வரை சென்னை சட்ட மேலவையில் உறுப்பினர்.

அந்தக் காலத்தில் அவர் தீர்ப்பு ஊழியர்களைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் கஜூர் சிங்கை 1954-ல் ராணுவம் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பியது. அவர் தன் மாநில உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். மத்திய அரசு இருப்பது டெல்லியில், இங்கே வழக்கு நிற்காது என்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் 7 நீதிபதிகள் உட்கார்ந்து சாஸ்திரியின் 1953 தீர்ப்பை உறுதி செய்தார்கள். கே. சுப்பா ராவ் மட்டும் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

கோர்ட்டில் முடியாததைப் பார்லிமென்ட் செய்தது. 1963-ல் வந்த 15-வது அரசியலமைப்புத் திருத்தம், பிரச்சினையின் ஒரு பகுதி நடந்த இடத்தின் உயர் நீதிமன்றமும் டெல்லிக்கு ரிட் அனுப்பலாம் என்று பிரிவு 226-ல் புது வரியைச் சேர்த்தது. தூரத்தில் இருக்கும் வழக்காடிகளின் கஷ்டம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே திருத்தம் பிரிவு 311-ல், குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரணை நடத்த வேண்டும் என்பதையும் வெளிப்படையாக எழுதியது.

திருத்தம் அக்டோபரில் அமலுக்கு வந்தது. சாஸ்திரி அதைப் பார்க்கவில்லை. மார்ச் 16-லேயே காலமாகிவிட்டார். அவருடைய இரண்டு தீர்ப்புகள் அரசியலமைப்பையே திருத்த வைத்திருக்கின்றன. முதலாவது திருத்தம் குடிமக்களின் பேச்சுரிமையைக் குறுக்கியது. இரண்டாவது, அவர்கள் கோர்ட்டை அடையும் வழியை அகலமாக்கியது.

அதோடு முடிந்ததா?

இல்லை. 1985-ல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் வந்தது. பணி தொடர்பான வழக்குகள் உயர் நீதிமன்றத்தை விட்டு அங்கே போயின. தீர்ப்பாயத்தில் தோற்றால் உச்ச நீதிமன்றம் மட்டும்தான், அதாவது மறுபடி டெல்லி. அதுவும் பாரத் பேங்க் வழக்கில் சாஸ்திரி எதிர்த்த அதே பிரிவு 136 வழியாக. 1997 மார்ச்சில் சந்திரகுமார் வழக்கில் 7 நீதிபதிகள் அமர்வு இதை மாற்றியது. தீர்ப்பாய முடிவுகளை உயர் நீதிமன்றம் மறு ஆய்வு செய்யும் அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்றது. இன்றைக்கு மத்திய அரசு ஊழியர் போகும் பாதை இதுதான்: முதலில் தீர்ப்பாயம், அடுத்து உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, பிறகு உச்ச நீதிமன்றம். துறைக்குள் இறுதி உத்தரவு வந்து ஒரு வருஷத்துக்குள் தீர்ப்பாயம் போகணும். விசாரணை முறையாக நடந்ததா என்றுதான் அங்கே பார்ப்பார்கள்; சாட்சியத்தை முதலில் இருந்து எடைபோட மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே தலைவலி உண்டு. ஃபெடரல் ஊழியர்களின் பணி வழக்குகளை ஒரு வாரியம் விசாரிக்கிறது. அதன் முடிவை எதிர்க்கப் பெரும்பாலான வழக்குகளில் வாஷிங்டனில் உள்ள ஒரே அப்பீல் கோர்ட்டுக்குத்தான் போக முடியும். முறைகேட்டை வெளியே சொன்னதால் பழிவாங்கப்பட்ட ஊழியர்களுக்கு மட்டும் மற்ற அப்பீல் கோர்ட்டுகளும் 2012-ல் தற்காலிகமாகவும் 2018-ல் நிரந்தரமாகவும் திறக்கப்பட்டன.

இந்தியாவில் 2022 ஜனவரியில் பழைய கேள்வி திரும்ப வந்தது. மேற்கு வங்க முன்னாள் தலைமைச் செயலாளர் ஆலாபன் பந்த்யோபாத்யாயின் வழக்கை, கொல்கத்தா அமர்விலிருந்து டெல்லிக்கு மாற்றித் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு உத்தரவிட்டது. அதைக் கொல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உத்தரவு போட்ட அமர்வு டெல்லியில் இருக்கிறது, கொல்கத்தாவுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச்சில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு இதே கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆர்டர் போட்டவர் உட்கார்ந்திருக்கும் ஊரா, அதனால் வேலை இழந்தவரின் ஊரா? சாஸ்திரி 1953-ல் முதல் பதிலைச் சொன்னார். பார்லிமென்ட் 1963-ல் வேறு பதில் எழுதியது. ஒரு ஊழியரின் வழக்கைச் சென்னை அமர்விலிருந்து டெல்லிக்கு மாற்றினால், அதைச் சென்னை உயர் நீதிமன்றம் கேட்க முடியுமா என்பதும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.